முப்பது கோடு போட்ட கோல்

இதில் ஒரு சொல் பொய் என்றால் என் நாக்கு இந்த நிமிடமே அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். சத்தியம். கல்லில் அடித்துச் சொல்கிறேன். நடந்தது நடந்தபடி. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அம்மை, யாரோ நம் தண்ணீரைத் திருடுகிறார்கள்," என்றார் அரியநாதர்.

பூரணி அம்மை கணக்குப் போடும் மணலைச் சமன் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

அம்மைக்கு வயது முப்பத்து நான்கு. அரியநாதருக்கு அறுபத்திரண்டு. புதிதாக மலையேறி வருகிறவர்கள் எல்லோரும் அரியநாதர்தான் குரு என்று நினைத்து அவர் காலில் விழுவார்கள். அவர் தடுப்பார். தடுப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்.

நாற்பது ஆண்டு நிலம் அளந்தவர் அவர். கயிறும் கோலுமாகக் காடு கழனியெல்லாம் நடந்தவர். ஒருநாள் மூன்று மூலை நிலம் ஒன்றை அவர் அளந்து முடித்தபோது, அந்த வழியாகப் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டு, மண்ணில் ஒரே ஒரு கோடு கிழித்தாள். அந்தக் கோட்டில் அவருடைய நாற்பது ஆண்டுத் தவறு தெரிந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே மலையேறிவிட்டார்.

அந்தப் பெண்தான் பூரணி அம்மை. மலை, அடுப்புக்கல் மலை.

அங்கே வெயில் எப்படி என்றால், நிழல் நிழலைத் தேடிப் போகும். காக்கையாகப் பறந்து போனது மலையைத் தாண்டும்போது சிட்டுக்குருவியாகச் சுருங்கி இறங்கும். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கோடையில் முப்பது நாள் மலையில் ஊற்று எல்லாம் செத்துவிடும். மிஞ்சுவது ஒரே ஒரு சுனை.

அது பாறை இடுக்கு. இரண்டு பாறைகள் மேலே அகன்று, கீழே போகப் போக நெருங்கி, அடியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஓட்டுக்கூரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்த மாதிரி இருக்கும். கவிழ்கூரைச் சுனை என்று பேர். முப்பது நாளும் மலையில் வாழும் நாற்பது பேருக்கும் அதுதான் உயிர்.

ஆகவே மலைக்கு ஒரு சட்டம் இருந்தது. தண்ணீர் திருடியவனுக்கு மலையில் தண்ணீர் இல்லை. வெறுங்கையோடு இறங்க வேண்டும். ஆறு ஒன்றரை நாள் நடை. நடுவில் ஒரு சொட்டு கிடையாது.

இறங்கியவன் ஆறு சேர்ந்தான் என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

*

"எவ்வளவு போயிற்று?" என்றார் அம்மை.

"பதிமூன்று குடம். இன்றைக்கு மட்டும்."

"நேற்று?"

"பதினொன்று."

"முந்தாநாள்?"

"ஒன்பது."

"அதற்கு முன்னால் ஏழு?"

அரியநாதர் திகைத்தார். "ஆமாம். அம்மைக்கு எப்படித் தெரியும்?"

"திருடன் ஒழுங்கானவன். நாள் தவறாமல் இரண்டு இரண்டாகக் கூட்டுகிறான்."

"அதுதான் எனக்கும் பயம். கணக்குப் படித்த திருடன்."

அம்மை சிரிக்கவில்லை.

"காவல் வைத்தீர்களா?"

"நானே இருந்தேன். மூன்று நாள். சுனை ஓரத்தை விட்டு அசையவில்லை."

"யார் வந்தார்கள்?"

"ஒரு ஓணான்."

"அது எவ்வளவு குடிக்கும்?"

"அம்மை விளையாடுகிறீர்கள்."

"இல்லை. கேட்கிறேன்."

"வேறு யாரும் வரவில்லை. சுனைக்குள் இறங்கியவன் ஒருவன்தான். காத்தமுத்து."

*

காத்தமுத்து யார் என்று சொல்லிவிடுகிறேன்.

முன்னாளில் சுவரில் ஓட்டை போட்டு, கன்னம் வைத்துத் திருடியவன். ஆறு வீடு என்று ஊர் சொல்லும். ஒன்பது என்று அவன் திருத்துவான். இப்போது திருடுவதில்லை. ஆனால் சுவரில் பல்லிபோல் ஒட்டி இறங்கும் வித்தை கையை விட்டுப் போகவில்லை. அதனால் தினமும் சுனைக்குள் இறங்கித் தண்ணீர் மொண்டு, கயிற்றில் குடம் குடமாக மேலே அனுப்புவது அவன் வேலை.

இந்த ஆண்டு சுனையின் பொறுப்பு அரியநாதர் கைக்கு வந்திருந்தது. அதற்கு முன்பு சமையற்கட்டுச் சீனியம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. குடத்துக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துப் போடுவாள். முப்பது கொட்டை தீர்ந்தால் அன்றைக்குத் தண்ணீர் தீர்ந்தது. அவ்வளவுதான்.

புளியங்கொட்டை அரியநாதருக்குப் பிடிக்கவில்லை.

அளந்தார். மேல் அகலம் ஆறு முழம். ஆழம் ஏழரை முழம். நீளம் எட்டு முழம். அகலத்தை ஆழத்தால் பெருக்கிப் பாதியாக்கினார். இருபத்திரண்டரை. அதை நீளத்தால் பெருக்கினார். நூற்றெண்பது. ஒரு முழத்துக்கு ஒரு முழம், ஒரு முழ ஆழம் தோண்டிய குழியில் ஐந்து குடம் பிடிக்கும். ஆக மொத்தம் தொள்ளாயிரம் குடம்.

முப்பது நாள். நாளைக்கு முப்பது குடம்.

எழுத்துத் தெரியாத சீனியம்மாளின் கொட்டைக் கணக்கும் அதுவேதான். அதை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஏழரை முழ மூங்கில் ஒன்றை வெட்டினார். அதில் சம இடைவெளி விட்டு முப்பது கோடு போட்டார். சுனையின் நடுவே நட்டார்.

"இனி எண்ண வேண்டாம்," என்றார். "நாளைக்கு ஒரு கோடு. தண்ணீர் அடுத்த கோட்டைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். நிலத்தில் ஒரு கோல் என்றால் ஒரு கோல்தான். நீரிலும் அப்படியே."

முதல் நாள் தண்ணீர் ஒரு கோடு இறங்குவதற்குள் ஐம்பத்தொன்பது குடம் வந்தது.

மலையே கொண்டாடியது. எல்லோரும் தலைமுழுகினார்கள். எருமை இரண்டும் குளித்தன. பூசணிக் கொடிக்குப் பாய்ச்சினார்கள். சீனியம்மாள் கழுவிய பானையை மறுபடியும் கழுவினாள்.

"கணக்கு முப்பது, வந்தது ஐம்பத்தொன்பது," என்றார் அரியநாதர். "மீதி மலையின் அருள்."

சொல்லும்போது மலை தான்தான் என்பதுபோல் நின்றார்.

மறுநாள் ஐம்பத்தேழு. அதற்கு மறுநாள் ஐம்பத்தைந்து. யாரும் கவலைப்படவில்லை. பதினைந்தாம் நாள் முப்பத்தொன்று. பதினாறாம் நாள் இருபத்தொன்பது.

அன்றைக்குத்தான் அரியநாதருக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

இன்று இருபத்திரண்டாம் நாள். பதினேழு குடம்.

*

"காத்தமுத்து எடுத்து எங்கே வைக்கிறான்?" என்றார் அம்மை.

"அது தெரிந்தால் திருட்டு என்று ஏன் சொல்கிறேன்?"

"சரி. உட்காருங்கள். மூன்று கணக்கு."

"இப்போதா அம்மை?"

"இப்போது."

அம்மை மணலில் ஒரு முக்கோணம் வரைந்தார். கூர் முனை அரியநாதரைப் பார்த்தது. அடிக்கோடு அம்மை பக்கம்.

"அடி ஆறு. உயரம் எட்டு."

"ஆறில் பாதி மூன்று. மூவெட்டு இருபத்து நான்கு."

அம்மை முக்கோணத்தின் பாதி உயரத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "கூர்ப் பக்கம் எவ்வளவு?"

"உயரம் பாதி, அகலமும் பாதி. ஆகவே பாதியில் பாதி. கால்வாசி. ஆறு."

"இதை எட்டு முழ நீளத்துக்கு இழுத்துவிட்டால்?"

"முழுசு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கூர்ப் பக்கம் நாற்பத்தெட்டு. எவ்வளவு நீளம் இழுத்தாலும் கால் கால்தான்." அரியநாதர் எழுந்துகொண்டார். "அம்மை, இது மீசை முளைக்காதவர்களுக்குச் சொல்லும் பாடம்."

"மூன்றும் சரி," என்றார் அம்மை.

அவர் கொஞ்ச நேரம் அரியநாதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

"நாளை தண்ணீர் எடுக்கும்வரை யார் பேரையும் சொல்ல வேண்டாம்," என்றார்.

அரியநாதர் தலையாட்டினார். வரும் வழியிலேயே சீனியம்மாளிடம் சொல்லிவிட்டதை அவர் சொல்லவில்லை.

*

அவர் திரும்பி வருவதற்குள் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது.

சுனை ஓரத்தில் கூட்டம் நின்றது. நடுவில் காத்தமுத்து. கையில் அன்றைய பங்கு, ஒரு செம்பு.

"என்ன சாமி," என்றான். "நான் தண்ணித் திருடனாமே."

"அம்மை நாளை தீர்ப்புச் சொல்வார்."

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. அப்புறம் அவங்க எதுக்கு?"

அரியநாதர் சுனைக்குள் கோலைப் பார்த்தார்.

"ஒம்போது வீட்டுல கன்னம் வச்சவன் சாமி நான். நகை எடுத்திருக்கேன். பட்டு எடுத்திருக்கேன். ஒரு வீட்டுல கல்லுச் சூட்டோட பணியாரம் எடுத்திருக்கேன். தண்ணிய எடுத்து எந்த மடியில கட்டுவேன்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் வற்றிவிட்டது. எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது.

"அப்ப தண்ணி எங்கடா போச்சு?" என்றாள் சீனியம்மாள். "நான் எண்ணிப் போட்ட காலத்துல ஒரு கொட்டை குறைஞ்சதில்ல. இப்ப நாளுக்கு ரெண்டு ரெண்டா கொறையுது. உள்ள எறங்கறது நீ ஒருத்தன்."

"உள்ள எறங்கறவன்தான் திருடன்னா, அடுப்புல எறங்கற சோத்துக்கு நீதானக்கா திருடி."

"வாய் மட்டும் வத்தாது உனக்கு."

"அதுல மட்டுந்தான் ஈரம் இருக்கு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் அவனை விட்டு அரையடி விலகி நின்றது. அவன் அதைப் பார்த்தான். அதுவரை இருந்த குறும்பு அவன் முகத்தை விட்டு இறங்கியது.

செம்பைத் தூக்கினான். குடிக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். சீனியம்மாளின் பானையில் கவிழ்த்தான்.

"இந்தப் பேரோட இது தொண்டையில எறங்காது," என்றான்.

*

மறுநாள் காலை சுனை ஓரத்தில் எல்லோரும் இருந்தார்கள். காத்தமுத்து இல்லை.

"வெளுக்கும்போதே எறங்கிட்டான்," என்றாள் சீனியம்மாள். "கூப்பிட்டேன். திரும்பல. சொம்பு இங்கதான் கெடக்கு."

"திருடாதவன் ஏன் ஓடறான்?" என்றது ஒரு குரல்.

அரியநாதருக்கு மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கூட்டலில் இடித்துக்கொண்டிருந்த ஒரு எண்ணை அழித்த மாதிரி இருந்தது.

"இன்று முப்பது குடம் வரும், பாருங்கள்," என்றார்.

பூரணி அம்மை வந்தார். வெறுஞ்செம்பைப் பார்த்தார். யார் பேரை யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"இறங்க ஆளில்லை," என்றார். "ஐயா, நீங்கள் இறங்குங்கள்."

"நானா?"

"கோல் உங்களுடையது."

அரியநாதர் அதுவரை சுனைக்குள் இறங்கியதில்லை. கோட்டை மேலே நின்றபடியேதான் பார்ப்பார். இடுப்பில் கயிறு கட்டினார்கள். மெல்ல விட்டார்கள்.

முதலில் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். எந்தப் பக்கப் பாறையும் எட்டவில்லை. அந்தரத்தில் ஆடினார்.

இன்னும் இறங்கினார். விரல் நுனிகள் பாறையைத் தொட்டன.

இன்னும் இறங்கினார். கையை மடக்க வேண்டியிருந்தது.

நீர் காலைத் தொட்டபோது முழங்கை இரண்டும் இரண்டு பாறையிலும் உரசின. குனிந்து மொள்ளவே உடம்பைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மொண்டார். குடம் மேலே போயிற்று. மேலே சீனியம்மாள் பழக்கத்தில் எண்ணினாள்.

பத்து. பன்னிரண்டு. பதினான்கு.

பதினைந்தாவது குடம் போனதும் கோலைப் பார்த்தார். கோடு வந்துவிட்டிருந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கோடுதான்.

"பதினைந்து," என்றார் மெதுவாக.

 திருடன் போய்விட்டான். திருட்டு போகவில்லை. பதினைந்து குடம் குறைகிறது. எடுத்தவர் அரியநாதர் ஒருவரே.

பூரணி அம்மை விளிம்பில் வந்து குனிந்தார்.

"ஐயா, முதல் நாள் எத்தனை குடம் வந்தது?"

"ஐம்பத்தொன்பது."

"உங்கள் கணக்கு?"

"முப்பது."

"மீதி இருபத்தொன்பது குடத்தைக் கொண்டுவந்து ஊற்றியது யார்?"

 

அரியநாதர் அண்ணாந்து பார்த்தார். மேலே வானம் மாட்டுவண்டி அகலத்துக்குத் திறந்து கிடந்தது. அங்கிருந்து பாறைகள் இரண்டும் சரிந்து சரிந்து, நெருங்கி நெருங்கி, அவருடைய இரண்டு முழங்கைகளில் வந்து நின்றன. அதற்குக் கீழே இன்னும் நெருங்கின.

மேலே ஒரு கோடு என்பது ஒரு குளம். இங்கே ஒரு கோடு என்பது ஒரு வாய்க்கால். அடியில் ஒரு கோடு ஒரு குடம்கூட நிறைக்குமோ நிறைக்காதோ.

"அம்மை," என்றார். "இது நேற்று நீங்கள் மணலில் போட்ட படம்."

"ஆமாம்."

"நான் கூர் முனையில் நிற்கிறேன்."

"ஆமாம்."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சரியாகச் சொன்னீர்கள்."

அரியநாதர் கோலைப் பிடித்துக்கொண்டார். "முதல் நாளே கேட்டிருக்கலாமே."

அம்மை விளிம்பில் உட்கார்ந்தார்.

"முதல் நாள் நான் இரண்டு முறை குளித்தேன்," என்றார். "யார் ஊற்றியது என்று நானும் கேட்கவில்லை."

*

மேலே ஏறி வந்ததும் அரியநாதர் கோலை இழுத்துப் பிடுங்கித் தரையில் போட்டார்.

"இன்னும் ஏழு கோடு. நாற்பத்தொன்பது குடம். ஏழு நாள். நாளைக்கு ஏழு குடம்," என்றார். "சீனியம்மா, நீயே எண்ணு."

"நாப்பது பேருக்கு ஏழா?"

"முப்பத்தொன்பது பேருக்கு," என்றது கூட்டத்தில் அதே குரல். "ஒருத்தன்தான் போயிட்டானே."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 

அரியநாதர் அன்றைய தன் பங்கைச் சுரைக்குடுக்கையில் ஊற்றி வாயை அடைத்தார். மலை வாசலுக்கு நடந்தார்.

அங்கே அம்மை நின்றார்.

"தண்ணீர் திருடியவன் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும்," என்றார் அரியநாதர். "பதினைந்து நாளில் இருநூற்றிருபத்தைந்து குடம் எடுத்திருக்கிறேன், அம்மை. பின்னால் வரும் பதினைந்து நாளிலிருந்து. சட்டம் எனக்குத்தான். ஆனால் இந்தக் குடுக்கையைக் கொண்டுபோக வேண்டும்."

"யாருக்கு?"

"பறிகொடுத்தவனுக்கு."

அம்மை வழிவிட்டார்.

*

அறுபத்திரண்டு வயதில் அந்த மலையை ஓடி இறங்க முடியாது. அரியநாதர் ஓடி இறங்கினார். செருப்பு இரண்டாம் திருப்பத்தில் அறுந்தது. நான் எதையும் கூட்டிச் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்; அவர் பாதம் பட்ட இடத்தில் பாறை புகைந்தது.

கீழே பொட்டல். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெயில். குடுக்கை இடுப்பில் மோதி மோதிக் களக் களக்கென்று பேசிக்கொண்டே வந்தது. அவர் நாக்கு தடித்துப் பல்லில் ஒட்டியது. குடுக்கையின் அடைப்பை அவர் தொடவில்லை.

உச்சி வெயில் சாயும்போது தூரத்தில் ஒற்றைப் பனை தெரிந்தது. அதன் நிழல் ஒரு ஆள் அகலம். அந்த நிழலில் ஒரு ஆள்.

காத்தமுத்து பனையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கண் உள்ளே போயிருந்தது. மடியில் ஒரு ஓலைப்பட்டை. ஓலையை நடுவில் மடித்து, இரண்டு நுனியையும் நாரால் கட்டியது. பதநீர் குடிக்க மடிப்பார்களே, அந்த மாதிரி. மேலே விரிந்து, அடியில் கத்திபோல் கூர்ந்து இருந்தது.

வந்தவரைப் பார்த்தான். எழ முயன்றான். முடியவில்லை.

"என்ன சாமி," என்றான். குரல் ஓலை உரசுவதுபோல் வந்தது. "இன்னும் ஏதாச்சும் காணாமப் போச்சா?"

அரியநாதர் நிழலுக்கு வெளியே மண்டியிட்டார். நிழலில் இடமில்லை.

"திருடன் அகப்பட்டுவிட்டான்," என்றார்.

"யாரு?"

"கோல் செய்தவன்."



"எப்படி அகப்பட்டான்?"

"நீ இறங்குகிற இடத்தில் இறங்கினான்."

"முழங்கை தேஞ்சிருக்குமே."

அரியநாதர் கையைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"அங்க கொஞ்சம் ஒடுக்கம்தான் சாமி," என்றான் காத்தமுத்து. "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

அரியநாதர் குடுக்கையை எடுத்தார்.

"தண்ணீரே இல்லாத பொட்டலில் பட்டை எதற்கு மடித்தாய்?" என்றார், எதையாவது கேட்க வேண்டும் என்று.

"கையில பட்டை இருந்தா தொண்டை கொஞ்சம் நம்பும்."

அரியநாதர் குடுக்கையைத் திறந்து பட்டையில் ஊற்றினார். கடைசிச் சொட்டு விழுந்தபோது பட்டை விளிம்புவரை நிறைந்தது. அதற்குமேல் இல்லை.

காத்தமுத்து அதைக் கையில் வாங்கினான்.  உதட்டருகே கொண்டுபோனவன் நிறுத்தினான்.

"இது யாரு பங்கு?"

"உன் பங்கு."

"என் பங்க நேத்தே பானையில கவுத்தாச்சு. யாரு பங்கு சாமி?"

"என் பங்கு."

"அப்ப உங்களுக்கு?"

"நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன்."

காத்தமுத்து அவர் உதட்டைப் பார்த்தான். திருடனுக்குக் கண் கூர்மை.

"ஆளுக்குப் பாதி," என்றான். "இல்லேன்னா இந்த மண்ணுக்கு ஊத்திருவேன். சத்தியமா ஊத்துவேன்."

"சரி. ஆளுக்குப் பாதி."

காத்தமுத்து குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மிடறாக, தொண்டை மேலும் கீழும் போய்வரக் குடித்தான். குடித்துக்கொண்டே நடுவில் ஒருமுறை பட்டையை நிமிர்த்திப் பார்த்தான். இன்னும் ஒரு மிடறு குடித்தான். மறுபடி பார்த்தான்.

தண்ணீர் பட்டையின் பாதி உயரத்தில் நின்றது. நூல் பிடித்த மாதிரி, சரியாகப் பாதி.

உடனே நிறுத்திவிட்டான். இன்னும் குடிக்கச் சொல்லி அவன் தொண்டை கெஞ்சியது வெளியே தெரிந்தது. இரண்டு கையாலும் பட்டையை நீட்டினான்.

"பாருங்க சாமி. பாதி இருக்கா?"

அரியநாதர் பட்டைக்குள் பார்த்தார்.

மேலே அகலம். அடியில் கூர். நடுவில் ஒரு கோடு.

'கால்வாசி' என்று அவர் உதடுகள் லேசாக அசைந்தன. பழக்கம் விடவில்லை. பிறகு அசைவது நின்றது.

"பாதி இருக்கு," என்றார்.

வாங்கிக் குடித்தார்.

இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். முக்கியமாகக் காத்தமுத்துவிடம்.